மிஸ்ஸி பதிந்த ஒவ்வாமை

மிஸ்ஸியின் மடிக்கணினி முதன்முதலாக என் மேசைக்கு வந்தது ஒரு சீனிப் பைக்குள். பைக்குள் இரண்டு மடிப்புப் பொலித்தீன், அதற்குள் ஒரு துவாய், துவாய்க்குள் கணினி. வாவியைக் கடக்கும்போது தண்ணீர் தெறிக்கும் என்று அப்படிச் சுற்றியிருந்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்து, நீவி மடித்து வைத்துவிட்டுக் கணினியை என் பக்கம் திருப்பினார். "இஞ்ச பாருங்க புள்ள, இதை நான் இப்ப அமத்துறன். நீங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க. வந்தும் இது திறந்திருக்காது" என்றார். அவர் குறை சொன்னது நான் எழுதிய நிரலை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தேநீருக்குப் போகாமல் பிடிவாதமாக அங்கேயே உட்கார்ந்து, திரையில் சுழன்றுகொண்டிருந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. தேநீர் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்திருக்கலாம்.

அப்போது நான் களுவாஞ்சிக்குடியில் நாலு பேர் மட்டும் வேலை செய்த ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களுக்குப் போய்வரும் நடமாடும் மருத்துவ சேவை ஒன்றுக்காக நோயாளர் பதிவேட்டு நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். மிஸ்ஸி அந்தச் சேவையின் தாதி; தாதிமாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிழமைக்கு ஒரு நாள் ஒரு பாடசாலை மண்டபத்தில் கிளினிக் நடக்கும். நாங்கள் 'பாதை' என்று சொல்லும் இயந்திரப் படகில், காலை முதல் சேவையிலேயே அவர் அக்கரைக்குப் போய்விடுவார். டொக்டர் அடுத்த சேவையில் வருவார். அந்த இடைவெளியில் புதிதாக வந்தவர்களையெல்லாம் மிஸ்ஸி பதிந்து முடித்துவிட வேண்டும். வட்டையில் வயல்வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் பிள்ளைகளின் குட்டி வாங்குகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்க, என் நிரல் திறக்க மனமில்லாமல் சுழன்றுகொண்டிருந்திருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம், தரவுத்தளத்தோடு பேசுவதற்கு நான் பயன்படுத்திய நூலகம், அதாவது வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு. ஓ.ஆர்.எம். என்பார்கள். தரவுத்தளத்தில் இருப்பவை வெறும் அட்டவணைகள். அவற்றை நோயாளி, மருந்து, ஒவ்வாமை என்று நிரலுக்குள் உயிருள்ள பொருள்களாக மாற்றித் தருவது இதன் வேலை. ஒவ்வொன்றுக்கும் நிரலின் தனித் துண்டாக ஒரு மொடியூல் எழுதியிருந்தேன். நிரலைத் திறந்ததுமே நூலகத்தின் உள்ளுறுப்புகளும் என்னுடைய மொடியூல்களும் ஒன்றுவிடாமல் நினைவகத்துக்கு ஏறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற அறிக்கைக்கான மொடியூல்கூட ஏறும். என்னுடைய புதிய கணினியில் அது தெரியவில்லை. மிஸ்ஸியின் பழைய கணினி மூச்சு வாங்கியது. ஆகவே, தேவைப்படும்போது மட்டும் மொடியூலை ஏற்றும்படி மாற்றினேன். இதற்கு லேசி லோடிங் என்று பெயர். ஒரு பக்கத்தைத் திறந்தால்தான் அதற்குரிய மொடியூல் எழும்பி வரும்; அதுவரை அதன் பெயர் மட்டும் பட்டியலில் கிடக்கும்.

அடுத்த முறை மிஸ்ஸி பொத்தானை அமத்தினார். தலையை நிமிர்த்துவதற்குள் நிரல் திறந்துவிட்டது. மூடிவிட்டு மறுபடியும் அமத்தினார். "என்னகா இது, பேய் பிடிச்ச மாதிரி ஓடுது" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கிழமையே ஒரு முட்டி எருமைத் தயிர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. நான் அதை எல்லோருக்கும் பங்கிட்டபோது எனக்குள் இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால், அந்த வேகத்துக்கு அடியில் நான் என்ன செய்து வைத்திருந்தேன் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

நோயாளி என்ற மொடியூலில், 'இவருக்கு ஒவ்வாமைகள் இருக்கலாம், அந்த மொடியூலில் பார்' என்று பெயரை மட்டும் குறித்திருந்தேன். ஒவ்வாமை மொடியூல் இன்னும் ஏறாத நேரத்தில் யாராவது நோயாளியின் பக்கத்தைத் திறந்தால், அப்படி ஒரு பெயரே எனக்குத் தெரியாது என்று நூலகம் சிவப்பு எழுத்தில் கத்தும். சோதனையின்போது ஒருமுறை கத்தியது. அடுத்த நாள் நிரலைக் கையளிக்க வேண்டும். சரியான வழி எதுவென்று யோசிக்கப் பொறுமையில்லாமல், அந்தக் கத்தலை வாயைப் பொத்திப் பிடிக்கும் இரண்டு வரிகளை எழுதினேன்: பிழை வந்தால், வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்பு. பட்டியல் வெறுமையாக இருந்தால் திரை 'ஒவ்வாமை: இல்லை' என்று காட்டும். 'பிறகு திருத்த வேண்டும்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

வராததற்கு மிஸ்ஸியின் வேலை ஒழுங்கும் ஒரு காரணம். புதியவரைப் பதியும் பக்கத்தில் ஒவ்வாமையைக் கேட்கும் இடம் உண்டு. அந்தப் பக்கம் திறந்ததும் ஒவ்வாமை மொடியூல் ஏறிவிடும். நிரலை மூடும்வரை அப்படியே இருக்கும். மிஸ்ஸியோ ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் வருவதற்கு முன்பே புதியவர்களைப் பதிந்து முடித்துவிடுவார். என் ஓட்டையை அவர் தன் வழக்கத்தால் மூடிக்கொண்டே இருந்தார். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாடைக்காற்றில் பாதை ஓடாத ஒரு நாள் வந்தது. மிஸ்ஸியும் டொக்டரும் ஒரே வான் வண்டியில், பாலத்தால் சுற்றி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். போய் இறங்கியபோதே மண்வெட்டி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட ஒருவர் மண்டபத்து வாசலில் கிடந்தார். பழைய நோயாளி. பதிவுகளையெல்லாம் பிறகு பார்ப்போம் என்று டொக்டரே கணினியைத் திறந்து அவருடைய பக்கத்துக்குப் போனார். மிஸ்ஸி குனிந்து காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒவ்வாமை இருக்கிறதா என்று டொக்டர் காயப்பட்டவரிடமும் கேட்டிருக்கிறார்; வலியில் அவர் தலையை ஆட்டியது ஓமா இல்லையா என்று விளங்கவில்லை. திரை தெளிவாகச் சொன்னது: இல்லை. பென்சிலின் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. டொக்டரின் கையில் அட்ரினலின் ஊசி இருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார். அந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். பென்சிலின் ஒத்துவராது என்று மிஸ்ஸியிடம் முன்பே சொன்னதாக, வண்டியில் ஏற்றும்போதே அவர் சொல்லியிருந்தார்.

"ஓம், சொன்னவர். எல்லாருக்கும் உள்ளதை மனசில வைச்சிருக்க ஏலாதெண்டுதானே நான் பதிஞ்சனான்" என்றார் மிஸ்ஸி. அன்று பகல், மிச்சமிருந்த புதியவர்களைப் பதிந்த பிறகு, டொக்டரைக் கூப்பிட்டு அதே பக்கத்தைத் திறந்து காட்டினார். இப்போது அங்கே பென்சிலின் என்று இருந்தது. அது மிஸ்ஸியைக் காப்பாற்றவில்லை, கவிழ்த்துவிட்டது. காலையில் டொக்டர் தன் கண்ணால் 'இல்லை' என்று பார்த்திருக்கிறார். இடையில் கணினி மிஸ்ஸியின் கையில்தான் இருந்தது. பதிய மறந்துவிட்டு, விஷயம் பெரிதானதும் அவசரமாகச் சேர்த்துவிட்டார் என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? பதிவு எப்போது செய்யப்பட்டது என்ற நேரத்தை என் நிரல் சேமிக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் டொக்டர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நிரல்ல ஏதும் பிழை இருக்குமோ? பதிஞ்சது ஒண்டு, காட்டாமல் விடுமோ?" என்று நிதானமாகத்தான் கேட்டார். நான் கணினிக்கு முன்னால்தான் இருந்தேன். திறந்து பார்க்கலாம். பார்க்கவில்லை. "இல்ல டொக்டர், அப்பிடி ஒரு பிழையும் இல்ல" என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு வரிகள் அப்போது என் நினைவிலேயே இல்லை. என் நிரலைச் சந்தேகிக்கிறார்களே என்ற ரோசம்தான் முந்திக்கொண்டு பேசியது. அந்த ஒரு சொல்லோடு மிஸ்ஸியிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். விசாரணை முடியும்வரை கிளினிக்குக்குப் போகவேண்டாம் என்று மருந்துக் களஞ்சியத்தில் பெட்டிகளைச் சரிபார்க்க விட்டார்கள்.

எட்டாம் நாள் மிஸ்ஸியே எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் கோபமில்லை. "புள்ள, உங்களைக் குறை சொல்லல்ல. ஒருக்கா உள்ளுக்குப் பாப்பீங்களா?" என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன். அவருடைய கணினியை மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குக் கொண்டுவரும்போது தரவுகளைப் பிரதி எடுத்து வைப்போம். சம்பவத்துக்கு முந்திய பிரதியைத் திறந்தேன். அந்த மனிதரின் பெயருக்கு நேரே பென்சிலின் இருந்தது. பிறகு, நிரலைப் புதிதாகத் திறந்து, வேறு எதையும் தொடாமல் நேரே அவருடைய பக்கத்துக்குப் போனேன். ஒவ்வாமை: இல்லை. நிரலுக்குள் போய்த் தேடினேன். அந்த இரண்டு வரிகளும், 'பிறகு திருத்த வேண்டும்' என்ற என்னுடைய குறிப்பும் அங்கேயே இருந்தன.

எங்கள் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "அடுத்த அப்டேற்றோட சத்தமில்லாமத் திருத்தி விடுவம். மிஸ்ஸிக்கும் மறுகா எல்லாம் சரியாயிடும்" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் வெறும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படிச் சத்தமில்லாமல் சரியாகும்? அடுத்த நாள் காலையிலேயே மருத்துவ சேவையின் அலுவலகத்துக்குப் போய், மிஸ்ஸியையும் கூப்பிடச் சொல்லி, டொக்டருக்கு முன்னால் பழைய பிரதியையும் நிரலையும் திறந்து காட்டினேன். என் பிழை என்று சொன்னேன். டொக்டர் எழுந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்ஸி" என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மிஸ்ஸி அதைப் படிக்காமல் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இப்போது நான் வேறொரு அலுவலகத்தில், வேறு நிரல்களை எழுதுகிறேன். இப்போதும் மொடியூல்களைத் தேவைப்படும்போதுதான் ஏற்றுகிறேன். அந்த முறையில் குற்றமில்லை. ஆனால் ஏறாத ஒன்றைக் கேட்டால் 'இன்னும் பார்க்கவில்லை' என்றுதான் திரை சொல்லும். அந்தச் சேவையின் நிரலை அந்தக் கிழமையே அப்படி மாற்றினேன். மிஸ்ஸி கிளினிக்குக்குத் திரும்பினார். ஓய்வு பெறும்வரை அதே நிரலில்தான் வேலை செய்தார். யாரிடமும் என்னைப்பற்றி ஒரு குறை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

டொக்டரிடம் உண்மையைச் சொன்ன அன்று, என்னைப் பஸ்ஸுக்கு விட மிஸ்ஸியும் வாசல்வரை நடந்து வந்தார். சொல்லி முடித்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு. அந்தத் தைரியத்தில், என்னில் கோபமா என்று கேட்டேன்.

"உங்கட நிரல்ல எனக்குக் கோவமில்ல புள்ள. பிழை வராத வேலை எங்க இருக்கு? நானும் ஊசி போடுற ஆள்தானே" என்றார். கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். பிறகு, "டொக்டர் கேக்கக்குள்ள, 'இன்னும் பாக்கல்ல, பாத்திட்டுச் சொல்றன்' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நீங்க இல்லவே இல்ல எண்டீங்க. படிச்ச புள்ள சொன்னா மெய்யாத்தானே இருக்கும்? முதல் நாள் டொக்டரோட சண்டை பிடிச்சனான். மறுகா வீட்டுக்காரருக்குச் சத்தியம் பண்ணினனான். எட்டாம் நாள் விடியக்குள்ள எனக்கே ஐமிச்சமாப் போச்சு புள்ள, நான் பதிஞ்சனானோ எண்டு. அதுதான் உங்களுக்கு எடுத்தனான்" என்றார்.

பஸ் வந்தது. அவருடைய கையைப் பிடித்தேன். அவர் பிடிக்க விட்டார். திரையில் காட்டத் தவறியதை ஒரு காலைப்பொழுதில் திருத்திவிட்டேன். தன் கையால் பதிந்த ஒன்றைத் தானே நம்பாமல் அவர் விழித்துக் கிடந்த அந்த விடியலை என்னால் திருத்த முடியவில்லை.