பில்டு மெஷினுக்கு வைத்த பொட்டு

பவர் பட்டனுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து செதிலாக உரிந்து நின்றது. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்தப் பழைய கம்ப்யூட்டரும் அதன் பொட்டும்தான் ஞாபகம் வரும். நாங்கள் தனித்தனியாக எழுதும் நிரல்களை ஒரே பொட்டலமாகக் கட்டித் தந்தது அந்த ஒரு பெட்டிதான்; பில்டு மெஷின் என்போம். கட்டும் வேலை, எனக்குக் கீழே இருந்த சங்கராபுரத்துப் பெண்ணின் பொறுப்பு. அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லோரும் பெட்டிகளைத் துடைப்போம். நான் பெரிய சுத்தக்காரன் அல்லவா, அந்தப் பெட்டியின் உள்ளேயும் துடைத்தேன். பழசாகத் தெரிந்த ஃபோல்டர்களை யாரையும் கேட்காமல் அழித்தேன். பிறகு பொட்டு வைத்தேன், சுண்டல் தின்றேன்.

விடுமுறை முடிந்த காலை, கல்வராயன் மலைக்குப் போகும் நர்ஸுகளின் டேப்லெட்டில் எங்கள் புதிய நிரலைக் கர்ப்பிணிகளின் பட்டியலோடு ஏற்ற வேண்டியிருந்தது. மேலே போய்விட்டால் சிக்னல் கிடையாது. பெட்டியோ பொட்டலம் கட்டவே மறுத்தது. தமிழ் எழுத்தைக் காட்டும் ஒரு துணை நிரலைக் காணவில்லை என்றது.

முதலாளி நேராக அவளிடம் போய் நின்றார். "இன்னாம்மா பண்ணி வெச்ச? கீழ ஜீப்பு நின்னுக்கினு இருக்குது."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் பதறாமல் பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து படித்தாள். துணை நிரல்கள் எங்கிருந்து வர வேண்டும் என்பதைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். சேர்ந்த புதிதில் இந்த ஒன்றை மட்டும் கையாலேயே அந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, கோப்பில் எழுத மறந்திருந்தாள். அது இருந்த ஃபோல்டரைத்தான் நான் அழித்திருந்தேன். தன் பென் டிரைவிலிருந்த நகலை எங்கள் நிரல்களோடு சேர்த்து வைத்து, கோப்பில் இரண்டு வரி சேர்த்தாள். பொட்டலம் வந்தது, ஜீப் கிளம்பியது.

"நான்தான் சார் எழுதாம வுட்டுட்டேன்" என்றாள். இத்தனை நாள் ஓடியது இன்று ஏன் நின்றது என்று முதலாளி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் மேஜையருகே நின்றாள். "அடுத்த வருஷம் பொட்டு மட்டும் வைங்கண்ணா."

அவளுக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அப்போதாவது நான் பேசியிருக்கலாம்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். ஆயுத பூஜை வந்தால் என் லேப்டாப்புக்குப் பொட்டு மட்டும்தான் வைக்கிறேன். அந்த ஃபோல்டரை அழித்தது நான்தான் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.