கயிறு கட்டிய வீடுகள்

தேயிலைக்குப் பச்சை, குடியிருப்புக்கு மஞ்சள். எங்கள் பிரதேச சபையின் திட்ட வரைபடத்தில் நிறங்களுக்கு அதுதான் அர்த்தம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே ஒரு மலைச்சரிவு பச்சையிலிருந்து மஞ்சளாக மாற எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து, எத்தனை கோப்பை பிளேன்டி என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். நான் அந்தத் திட்டமிடல் குழுவுக்குக் கோப்பு தூக்குகிற எழுதுவினைஞர். முடிவெடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு நான்தான் சபை. நான் அங்கே பிறந்தவள், என் அக்கா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறாள்.

அக்கா இருக்கும் லயத்துக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் குடியிருப்புக்கு, மண்சரிவு அபாயம் என்று எப்போதோ சிவப்பு அடையாளம் போட்டுவிட்டார்கள். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவின் பின்சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பெரிய மழை வந்தால் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். மழை விட்டதும் அதே சுவருக்கு அடியில் வந்து படுப்பார்கள். அந்தச் சுவருக்கு அடியில் படுக்காமல் இருக்க அவளுக்கு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். மழைநாட்களில் ஹட்டனில் என் வாடகை அறையில் எனக்குத் தூக்கம் வராது.

சரிவு மஞ்சளானதும் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி எறிந்தார்கள். நில அளவையாளர்கள் வந்து ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று முளை அடித்தார்கள். ஒவ்வொரு காணிக்குள்ளும் வீட்டின் சுவர்கள் எங்கே வரும் என்று நீலக் கயிறு கட்டிக் காட்டினார்கள். வாசல் வரும் இடத்தில் மட்டும் கயிறு இல்லை. சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு மேல் வரிசையில் ஒரு காணி விழுந்தது.

அப்போது கார்த்திகை முடியப் போகிற நேரம். மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் புது வீட்டுக்கு எந்த நல்ல காரியமும் செய்யமாட்டார்கள். அதற்குள் சபையில் யாராவது மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று அக்காவுக்குப் பயம். மார்கழிக்கு முந்திய நல்ல நாளொன்றில் காம்பராவிலிருந்த காமாட்சி விளக்கை எடுத்துக்கொண்டு போய், கயிற்றுக்குள் மூன்று கல்லை வைத்துப் பால் காய்ச்சிவிட்டாள். அத்திவாரம்கூட வெட்டாத வெறும் மண்ணில்! போனில் கேட்டபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"ஏன்க்கா, வீட்டக் கட்டுனப்புறம்தான பால் காய்ச்சுவாங்க?"

"பால் காய்ச்சுன எடத்த யாரும் புடுங்க மாட்டாங்க புள்ள. நாங்க குடி வந்தாச்சு."

இவள் ஒருத்தி செய்ததோடு நிற்கவில்லை. இவளைப் பார்த்து அந்தச் சரிவில் காணி கிடைத்த அத்தனை பேரும் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் காய்ச்சினார்கள்.

தைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பார்க்கப் போனேன். பனிமூட்டம் சரிவை மூடிக் கிடந்தது. ஆள் யாருமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் மேலே ஏறிய பிறகு ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள். கயிற்றுக்குள் ஒருவர் குந்தியிருந்தார். இன்னொரு கயிற்றுக்குள் ஒரு பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசினார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் சுவர் இருப்பதுபோல நேரே பார்த்துக்கொண்டு, குரலை உயர்த்திப் பேசினார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் எடுக்கப் போனவள் முழங்கால் உயரக் கயிற்றைத் தாண்டவில்லை. வாசல் வழியாக வெளியே வந்து முழு வீட்டையும் சுற்றிப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டென்றால் யாராவது ஒருவராவது சிரித்திருக்க வேண்டும்.

நான் அக்காவைக் கண்டதும் கயிற்றைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று.

"ஏன் புள்ள செவுத்துக்குள்ளாற வர்ற?"

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பயந்துபோய்க் கேட்டாள். நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வாசல் பக்கமாகச் சுற்றிப் போனேன்.

இருட்டுவதற்கு முன் லயத்துக்குத் திரும்பினோம். காம்பராவில் விளக்கு இருந்த இடத்தில் புகைக் கறுப்பு மட்டும் இருந்தது. உடுப்புகளை எல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தாள். நான் பிறந்து வளர்ந்த அறைதான் அது. ஆனாலும் அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "வெளக்கு இல்லாத எடத்துல நம்ம குடியில்ல. சும்மா வந்து படுத்துட்டுப் போறோம்," என்றாள். அடுத்தவர் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

சித்திரைக்குப் பிறகுதான் குழு மறுபடி கூடியது. ஏழு பேர்ச் போதாது, ஆளுக்குப் பத்து பேர்ச் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மலையகத்தில் எத்தனையோ காலமாகக் கேட்டுக் கத்திய விஷயம்தான். அக்காவே பதாகை பிடித்துக்கொண்டு ரோட்டில் மழையில் நின்றிருக்கிறாள். ஆனால் காணி பெரிதாகிறது, மலை பெரிதாகவில்லையே! இத்தனை ஏக்கருக்கு இத்தனை வீடுதான் என்று நெருக்கத்துக்கும் ஒரு விதி வைத்தார்கள். மேலே செங்குத்து என்பதால் மேல் வரிசை முழுவதையும் வெட்டி 'இரண்டாம் கட்டம்' என்று போட்டார்கள். எங்கள் சபையில் இரண்டாம் கட்டம் வந்து நான் பார்த்ததில்லை. கேட்ட வரம் கிடைத்ததும் வீடு போயிற்று. யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

புதிதாக அளக்க வேண்டும் என்று சொல்லி முளையையும் கயிற்றையும் எடுத்துவிட்டார்கள். எடுப்பித்தவர் எங்கள் தொழில்நுட்ப அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் அசையாத மனிதர். அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளை, கயிறு எல்லாம் கழட்டியாச்சு. ஆனா சனம் இன்னும் சுத்தித்தான் போகினம். நான் பேசாம நேரா நடந்து போனன். ஒரு மனுசி சீலையை இழுத்து மூடிக்கொண்டு எழும்பினவ, ஆரோ கேக்காமச் சமைக்கிற குசினிக்குள்ள பூந்த மாதிரி."

"பெறகு என்ன சேர் செஞ்சீங்க?"

"திரும்பி வரேக்க நானும் சுத்தித்தான் வந்தனான்," என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல் வரிசை இல்லையெண்டு நீங்கதான் பிள்ளை போய்ச் சொல்லவேணும். என்னாலை ஏலாது."

நான் போன நாளில் வானம் கறுத்துக் கிடந்தது. லயத்தாட்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். மேல் வரிசைக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. லயத்திலும் இல்லை. எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது, ஏறிப் போகத்தான் மனம் வரவில்லை.

மேலே எல்லாரும் இருந்தார்கள். முளை பிடுங்கிய குழிகளைக்கூட மண் மூடிவிட்டது. என்றாலும் ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தில் நேர் கோட்டுக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தது. அக்கா நடுவில் இருந்தாள், பக்கத்தில் விளக்கு. வாசல் இருந்த இடம் எனக்கு எப்படித் தெரிந்ததோ, சரியாக அதற்கு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, மேல் வரிசை இல்லன்னு ஆயிருச்சு. கீழ மட்டுந்தான் கட்டுவாங்களாம்."

"மேல எப்ப கட்டுவாங்க?"

"ரெண்டாம் கட்டம்னு போட்டிருக்காங்க," என்றேன். அவள் அழவில்லை. விளக்கை ஒருமுறை பார்த்தாள்.

"லயத்துல வெளக்கு இல்ல. இங்க வீடு இல்லங்கிற. அப்ப நாங்க எங்க புள்ள இருக்கோம்?"

மழை கொட்டத் தொடங்கியது. கீழே ரோடு மறைந்தது, லயம் மறைந்தது. சரிவில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை, தலையில் முந்தானையைக்கூடப் போடவில்லை. "எந்திரிக்கா! ஸ்கூலுக்குப் போயிரலாம், வாக்கா!" என்று நான் கத்தினேன். அக்காவின் தலைமுடியிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடியது. அவள் என்னைத்தான் கவலையோடு பார்த்தாள்.

"ஏன் புள்ள வெளிய நின்னு நனையிற? உள்ள வா."

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.