விசில் கேட்டதும் நிறுத்தினேன்

சுப்பையா முப்பது வருடம் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டியவர். கப்பலின் அடிக்கிடங்கு வின்ச்காரன் கண்ணுக்குத் தெரியாது. கிடங்கு வாயின் விளிம்பில் நின்று கீழே பார்ப்பவன் விசில் ஊதினால் கை நிற்க வேண்டும், அவ்வளவுதான் தொழில். அவருக்கு விசில் ஊதியவன் முகம்மது சுல்தான். பதினோரு வருட ஜோடி.

எண்பத்தேழில் ஒருநாள், இறங்கிய சரக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கீழே நின்ற வாசுவின் கால் நசுங்கிவிட்டது. வாசு வேறு யாருமில்லை, சுப்பையாவின் மச்சினன்தான். விசில் தாமதமா, கை தாமதமா? விசாரணை, வக்கீல் என்று அலைய யாருக்குப் பொறுமை? தண்ணீர்மலைக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிடு, பேச்சு முடிந்தது என்றார் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். சுல்தான் முஸ்லிமாயிற்றே, அவன் எந்தச் சூடத்தை அணைப்பான் என்று ஒரு மனிதனும் கேட்கவில்லை. அப்படியொரு நியாயம்!

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்தார் சுப்பையா. “விசில் கேட்டதும் நிறுத்தினேன்.” பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். சுல்தானுக்கு வேலை போயிற்று.

ஊர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு வருடம் கழித்தும் ‘கிழவனுக்குக் காது மந்தம்’ என்றுதான் பேச்சு. வாசுவும் ஊன்றுகோலோடு சுப்பையாவின் வீட்டிலேயே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சரி என்று ஒரு காகிதம் வாங்கிவிட ஆஸ்பத்திரிக்குப் போனார். வயதானவர்களின் காதையும் மூளையையும் சோதித்துக்கொண்டிருந்த டாக்டர் அருந்ததி அவர் தலையில் பசை தடவி வயர் ஒட்டினார். காதுக்குள் ஒரே சத்தம் விட்டுவிட்டு ஒலித்தது. நடுவில் கீச்சென்று வேறொன்று வந்தால் எண்ண வேண்டும். ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

“காது நல்லாருக்கு ஐயா” என்ற டாக்டர், காகிதத்தில் ஓடிய கோட்டில் ஒரு மேட்டைக் காட்டினார். “இது அந்தச் சத்தம்தான்னு மூளை கண்டுபிடிக்கறப்ப எழும்புற மின்சாரம். இளவட்டங்களுக்கு இன்னும் முன்னாடியே வந்துடும். உங்களுக்குக் கொஞ்சம் லேட். வயசானா எல்லாருக்கும் இப்படித்தான், நோர்மல்.”

“லேட்டுன்னு எனக்குத் தெரியுமா டாக்டர்?”

“தெரியாதுங்க. உடனே கேட்ட மாதிரிதான் இருக்கும்.”

சுப்பையா காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். “இதனாலதான் ஒரு விபத்தாச்சுன்னு சொல்ல, இதுக்கு ஒரு வியாதிப் பேர் எழுதிக் குடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“வியாதியே இல்லையே ஐயா. கண்ணிமைக்கிற நேரங்கூட இல்ல இந்த லேட்டு. இத வச்சு எந்த விபத்துக்கும் யாரையும் குத்தம் சொல்ல முடியாது.”

சொல்லவும் முடியாது, இல்லையென்று தள்ளவும் முடியாது. வியாதி என்றாலாவது வாசுவின் காலில் விழலாம். நோர்மல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு பாவி மனுஷன் என்ன செய்வார்? நேரே காய்கறிப் பாசாருக்கு நடந்தார். அங்கேதான் சுல்தான் வெங்காய மூட்டை சுமந்துகொண்டிருந்தான். காகிதத்தை நீட்டி, திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார்.

சுல்தான் மூட்டையை இறக்கினான். திட்டுவான், அடிப்பான் என்று நின்றார் சுப்பையா. அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“நான் சரியாத்தான் ஊதினேன்னு நெனச்சிருந்தேண்ணே” என்றான் சுல்தான். “நீங்க சாமி முன்னாடி பொய் சொல்ற ஆளில்லையே. அதனால நான்தான் லேட்டா ஊதிட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். போன மாசம் வாசுகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். மூஞ்சியில துப்பினான்.”