அடகுக் கடையில் நிற்காத ஆட்டோ

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஆட்டோ ஓட்டுகிற ஷைஜுவைப் புகழ நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பது வயதிருக்கும் அவனுக்கு. அதிகம் பேச மாட்டான். முன்பு பைபாஸ் ஓரத்துப் பெரிய ஆசுபத்திரி ஒன்றில் கேட் காவலுக்கு நின்றவன்; ஒருநாள் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டானாம். அங்கே ஆளைக் கொண்டுபோய் இறக்கினால் அவனுக்குக் கமிஷன் உண்டு என்று, தமிழ்க் கூலிக்காரர்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளில் பேச்சு. நானும் நம்பினேன்.

என் மகன் தங்கபாண்டி கட்டட வேலைக்காரன். போன மழைக்காலத்தில் சாரத்திலிருந்து ஒரு தகரம் சரிந்து அவன் தொடையைக் கிழித்துவிட்டது. அங்கேயே வேலையாட்களுக்குச் சோறு பொங்குகிறவள் நான். முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். துணி நனைந்துகொண்டே போனது. கூப்பிட்டதும் வந்தவன் ஷைஜுதான்.

ஆட்டோவிலேயே கம்மலைக் கழற்றினேன். காசில்லாமல் போனால் பெரிய ஆசுபத்திரியில் வாசலோடு திருப்பிவிடுவார்கள், எங்கள் ஆட்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அதனால் அடகுக் கடையில் நிறுத்தச் சொன்னேன். அவன் நிறுத்தவில்லை.

“கமிஷன் போயிருமேன்னு பறக்கியாலே?”

“மகன் போயிட்டா கம்மல் எதுக்கு அம்மச்சி?”

நேரே அந்த ஆசுபத்திரிக்கே விட்டான். ஒரு வார்த்தை கேட்காமல் மகனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு கவுண்டர்காரன் அட்வான்ஸ் கேட்டான். நான் கம்மலை நீட்ட, ஷைஜு என் கையை மடக்கினான். உயிருக்கு ஆபத்து நீங்குகிற வரை பார்த்தே ஆக வேண்டும், அதற்கு முன் காசு கேட்கக் கூடாது, சட்டம் அப்படித்தான் என்று மலையாளத்தில் சொன்னான். கவுண்டர்காரன் அவனை முறைத்துவிட்டு, பைஸ்டாண்டர் யார் என்றான். நோயாளிக்குத் துணை நிற்கிற ஆளை இங்கே அப்படிச் சொல்வார்கள். ஷைஜு தன் பெயரைக் கொடுத்தான்.

என் மகனுக்கு இவன் யார்? கமிஷனுக்குத்தான் பெயர் கொடுக்கிறான் என்று நினைத்தேன். காசு வாங்காமல் தைக்கிறவர்கள் ஒழுங்காகத் தைப்பார்களா என்ற பயம் வேறு. கதவை விட்டு நான் நகரவில்லை.

ரத்தம் நின்றது. அறுந்த நரம்பைச் சேர்க்க அரசு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். சாகப்போகிறவனைத் தள்ளிவிடுகிறார்களோ என்று பதறினேன். நர்ஸ் ஒருத்தி ரத்தப் பையோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நானும் ஆம்புலன்சில் ஏறினேன். பின்னாலேயே ஆட்டோ வந்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் அங்கிருந்த டாக்டர். அதைக் கேட்ட பிறகு ஷைஜுவிடம், கேட் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன்.

“அங்க நின்னா வர்றவங்க கையில என்ன இருக்குன்னுதான் முதல்ல பாக்கணும், அம்மச்சி. எனக்கு ஆகல.”

தங்கபாண்டி இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறான், வேலைக்கும் போகிறான். அன்றைய ஆட்டோக் கூலியை ஷைஜு இதுவரை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனாலும் அவன் வண்டியில்தான் ஏறுகிறேன். அடகுக் கடை வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பான்.

“நிறுத்தட்டா, அம்மச்சி?”

“ஓட்டுலே.”