தனஞ்சயன் பெயருக்கு வந்த தண்டம்

கொழும்பு வெள்ளவத்தையில் அன்னபாக்கியத்தைக் கண்டால் சனம் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஒன்று, நின்று கதைக்கும். இல்லையென்றால் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீதியைக் கடந்துவிடும். கடப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நின்றால் மகனின் கதை வரும். மகனின் கதை வந்தால் அவனுடைய மோட்டார் சைக்கிளின் நம்பர் வரும். காலி வீதி மரக்கறிக் கடைக்காரருக்குக்கூட அந்த நம்பர் மனப்பாடம்.

யுத்தம் முடிகிற வருடத்தில் ஒரு காலை, தனஞ்சயன் வேலைக்கென்று தன் கறுப்புப் பல்சரில் போனான். ஆளும் வரவில்லை, பைக்கும் வரவில்லை. அன்றைக்குத் தொடங்கியது ஓட்டம். பொலிஸ், செஞ்சிலுவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆணைக்குழுக்கள் என்று அவள் ஏறாத படியில்லை. எல்லா இடத்திலும் ஒரே மன்றாட்டம்தான்: "ஆளைத் தேட ஏலாதெண்டால் பைக்கையாவது தேடுங்கோ. பைக் நிக்கிற இடத்தில என்ர பிள்ளை நிப்பான்." அவர்களும் நம்பரைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். கடைசியில், மரணச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு வரும் என்றார்கள். எடுத்தெறிந்து பேசிவிட்டு வந்தாள். கணவர் இரத்தினசிங்கம் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கு எடுத்த சான்றிதழ் ஒன்றே வீட்டுக்குப் போதும் என்பாள்.

போன மாதம் ஒரு பகல், பொலிஸ்காரர் ஒருவர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். தனஞ்சயன் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டீர்களா அநியாயத்தை? பதினாறு வருடமாகத் தனஞ்சயன் எங்கே என்று அவள் பொலிசைக் கேட்டாள். இன்றைக்குப் பொலிஸ் வந்து அவளைக் கேட்கிறது.

பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கை மீறிப் போன மோட்டார் சைக்கிளைக் கமெரா படம் பிடித்திருக்கிறது, பதிவுச் சொந்தக்காரர் நிலையத்துக்கு வர வேண்டும் என்று அவர் கொண்டுவந்த கடிதம் சொன்னது. கடிதத்தில் இருந்தது தனஞ்சயனுடைய பைக்கின் நம்பர்; அன்னபாக்கியம் அதை இரண்டு தரம் வாசித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிறான், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள்.

மகள் சுபோதினி வங்கியில் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தபோது, தாய் பெட்டிக்குள் கிடந்த நல்ல சேலையை உடுத்து ஆயத்தமாக நின்றாள். ஆராவது களவெடுத்து ஓடுவார்கள் அம்மா, அவசரப்பட வேண்டாம் என்று சுபோதினி சொல்லிப் பார்த்தாள். தாய் கேட்டால்தானே? சிவப்பு விளக்கில் நிற்கப் பொறுமையில்லாதவன் அவன்தான் என்று ஓட்டோவில் போகும்போதே சாட்சி அடுக்கினாள். சோறு ஆறுமட்டும் பொறுக்காதவன் விளக்கு மாறுமட்டும் பொறுப்பானா? இடையிடையே சிரிக்கவும் செய்தாள். சுபோதினிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் கம்பியூட்டரில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஹெல்மெட் போட்ட ஒருவன். பின்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு சின்னப் பிள்ளை, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு. கண்மூடித் திறக்க முன் முடிந்துவிட்டது. திரும்பப் போடச் சொன்னாள். பிறகும் ஒருதரம் போடச் சொன்னாள்.

"தோளைப் பார் பிள்ளை. கொண்ணன்ர தோள்தான்."

"அம்மா, பின்னால ஒரு குழந்தை இருக்கு."

"கலியாணம் கட்டியிட்டான் போல," என்றாள் அன்னபாக்கியம். "எங்களுக்குச் சொல்ல என்ன பயமோ தெரியேல்லை."

சார்ஜன்ட் சுபோதினியைப் பார்த்தார். சுபோதினி நிலத்தைப் பார்த்தாள். அவள் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னபோது மனுசன் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நல்ல மனுசன்தான். சந்தியில் நிற்கிறவர்களுக்குச் சொல்லி, அடுத்த நாள் காலையே பைக்கை மறித்துவிட்டு, இவர்களையும் வரச் சொன்னார். அடுத்த நாளே! மனம் வைத்தால் ஒரு பைக்கைப் பிடிக்க ஓர் இரவுதான் வேண்டியிருந்தது.

வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பேர் ஜெனிஸ்டன், முகத்துவாரத்து ஆள். கழுத்தில் ஜெபமாலை, ஏறிய நெற்றி, முகமெல்லாம் வியர்வை. துறைமுகத்தில் வேலை. மகளைப் பம்பலப்பிட்டிப் பள்ளியில் விடப் போன அவசரத்தில் சிவப்பில் இழுத்துவிட்டான். அன்னபாக்கியம் அவன் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு முகமாக மாறிவிடும் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

களவில்லை என்று மாதா மேல் ஆணையிட்டான் ஜெனிஸ்டன். கொழும்பில் எத்தனையோ வாகனம் ஓடுகிற விதத்தில்தான் இதுவும் ஓடியது. ஓப்பன் பேப்பர். விற்கிறவர் மாற்றல் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவன் தன் பெயரை எழுதாமலே அடுத்தவனுக்குத் தள்ளிவிடுவான். கை மாறும், பேர் மாறாது. ஜெனிஸ்டன் ஐந்தாவது கையோ ஆறாவது கையோ, அவனுக்கே தெரியாது. கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் வாங்கினான். அவர் புதுக்கடையில் ஒரு கிளார்க்கிடம் வாங்கினாராம். இந்த நிலையத்தின் வாசலாலேயே எத்தனை தரம் போயிருப்பேன் என்றான், தன் நேர்மையைக் காட்டுகிற நினைப்பில்.

அந்தச் சொல்தான் அன்னபாக்கியத்தின் நெஞ்சில் போய் விழுந்தது. பைக் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. பட்டப்பகலில், அதே நம்பரோடு, கொழும்பெல்லாம் ஓடித் திரிந்திருக்கிறது. அவள் வெள்ளிக்கிழமைகளில் கதிரேசன் கோயிலுக்குப் போன பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருக்கவும் கூடும். நம்பரை எழுதிக்கொண்டவர்களில் ஒருவராவது ஒரு நாளாவது தேடவில்லை. பைக்கையே தேடாதவர்கள் பிள்ளையையா தேடியிருப்பார்கள்? நாசமாய்ப் போவார்கள். எங்கேயோ யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஒரு நினைப்பில்தான் அவள் இத்தனை வருடமும் படுத்து எழும்பினாள்.

ஜெனிஸ்டன் தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட படிவத்தை எடுத்து நீட்டினான். கையெழுத்து தனஞ்சயனுடையதுதான். கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடு போடுவது அவன் பழக்கம். விற்கிற கதையை அவன் வீட்டில் சொல்லவேயில்லை. முதலே விலை பேசிக் கையெழுத்து வைத்துவிட்டு, பைக்கைக் கொடுக்கத்தானா அன்றைக்கு அதில் போனான்? அல்லது காணாமற்போன பிறகு வைத்த கையெழுத்தா? பிறகென்றால், அதுவரைக்குமாவது பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறான். அவள் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"தம்பி, இதில திகதி எங்க?"

"ஓப்பன் பேப்பர்ல திகதி போட மாட்டாங்க ஆண்ட்டி," என்றான் அவன் மெதுவாக. "போட்டா பிறகு விக்க ஏலாது."

திகதி எழுதுகிற இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

தண்டத்தைத் தானே கட்டுவதாக ஜெனிஸ்டன் ஒப்புக்கொண்டான். பேரை மாற்றத்தான் வழியில்லை. இப்போதைய சட்டத்தில் கையெழுத்து மட்டும் போதாது, சொந்தக்காரர் நேரில் வர வேண்டும்; இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். சார்ஜன்ட் தன்மையாகத்தான் சொன்னார்: அம்மா அதை எடுத்துவிட்டால் இந்தத் தம்பிக்கும் உதவி, இனி இப்படிக் கடிதம் வந்து உங்களைக் கரைச்சல்படுத்தவும் மாட்டாது. சுபோதினி தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்த முறை எடுப்பம் அம்மா என்று தன் சொல்லையும் சேர்த்தாள்.

கத்தப்போகிறாள் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அன்னபாக்கியம் படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்து, ஜெனிஸ்டனின் கையில் கொடுத்தாள்.

"பேர் மாத்த வேண்டாம் தம்பி. மகள் பின்னால இருக்கேக்க நிண்டு போங்கோ. தனியப் போகேக்க சிவப்பில போனாலும் போங்கோ."

சுபோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கடிதம் வரட்டும் பிள்ளை. அவன்ர பேருக்கு வேறை ஆர் கடிதம் போடுகினம்?"