ஈரத்துக்குக் கழித்த எடை

முதலில் சோறு கசந்தது. பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இலங்கையில் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு (சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்து இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது) பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். அந்த அலைச்சல்தான் காரணம் என்று நினைத்தேன்.

இரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் சி (இரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் வைரஸ்) என்று வந்தது. எங்கிருந்து தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இருக்கிற நோய் போதாதா?

ஈரல் என்ற சொல்லே என் கணவர் சிவலிங்கத்துக்குப் போதுமாக இருந்தது. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஈரல் நோய் என்றால் மஞ்சள்காமாலை. மஞ்சள்காமாலை என்றால் பத்தியம். முட்டை, மீன், எண்ணெய் எல்லாம் அன்றே நின்றன. உப்பில்லாத கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்.

"வாயக் கட்டினா சரியாகிரும் ராஜி. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அந்த அன்பை எப்படித் தட்டுவது? குடித்தேன். இரண்டு மாதமாகியும் ஆஸ்பத்திரித் தராசில் என் எடை குறையவில்லை. தேறிவிட்டேன் என்று இருவருமே நம்பினோம்.

டாக்டர் நம்பவில்லை. என் கணுக்காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. அழற்சி (கிருமியோடு ஓயாமல் போராடுவதால் உண்டாகும் உள்வீக்கம்) சதையைக் கரைக்கிறது, பத்தியமும் அதற்குத் துணை போயிருக்கிறது, சதை போன இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று சிங்களத்தில் விளக்கினார். இந்த உடம்பு இன்டர்ஃபெரானை (வைரஸை அடக்கும் ஊசி மருந்து) தாங்காது, முதலில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். மழை நாளில் மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) கொழுந்தை நிறுக்கும்போது, ஈரத்துக்கென்று கணக்கப்பிள்ளை சில கிலோ கழிப்பார். அவரோடு நான் போடாத சண்டையில்லை.

வெளியே வந்ததும் சிவலிங்கம் கலங்கிப் போனார். "நானே ஒன்னய வாட்டிட்டேனே."

"அழுதது போதுங்க. போற வழியில முட்ட வாங்குங்க."

டாக்டர் சொன்ன அளவில் முட்டை வெள்ளையும் மீனும் சாப்பிட்டேன். குமட்டினால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு டயாலிசிஸிலும் உடம்பிலிருந்து கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரை எடுத்தார்கள். காலில் நரம்பு பிடித்து இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

சில மாதங்களில் எடை நாலு கிலோ இறங்கியது. சிவலிங்கம் பயந்துவிட்டார்.

"கொறஞ்சிருச்சே ராஜி!"

"கொறஞ்சது மழத்தண்ணிங்க. கொழுந்து பூரா இங்கதான் இருக்கு," என்று புஜத்தைக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றுதான் ஊசிக்கு எழுதினார்கள்.

ஊசி போட்ட நாளெல்லாம் காய்ச்சலும் நடுக்கமும்தான். ஒன்றையும் நான் தவறவிடவில்லை. மருந்து முடிந்து பல மாதம் கழித்தும் இரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்லமாட்டேன். ஈரல் என்று கேட்டதும் நீங்களாகப் பத்தியம் தொடங்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

டயாலிசிஸ் நிற்கவில்லை. முன்பெல்லாம் இன்னும் எத்தனை வருடம் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது அடுத்த பஸ் வரைக்கும் உள்ள நாட்களுக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கிறேன். தராசில் ஏறும்போது ஈரத்துக்கு நானே கழித்துக்கொள்கிறேன். மிச்சம் இருப்பவள் போதுமான அளவுக்கு இருக்கிறாள்.