குடத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

கர்ப்பப்பையை எடுப்பது டாக்டருக்கு ஒன்றரை மணி நேர வேலை. ஏன் எடுக்கிறோம், எந்த வழியாக எடுக்கிறோம், எடுத்த பிறகு என்னென்ன செய்யக்கூடாது என்று புரியவைப்பது நர்சுக்கு ஒன்றரை மாத வேலை. வார்டில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய என் சகோதரிகளே, நீங்கள் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த 2004 வாக்கில் அங்கே பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தேன். எங்கள் டாக்டரம்மா கையில் வேலை சுத்தம், வாயில் பேச்சுக் கம்மி. "மீதிய சிஸ்டர் சொல்வாங்க" என்று எழுந்து போய்விடுவார். மீதி என்பது முக்கால்வாசி. எனக்கோ கோபம் மூக்குக்கு மேலே.

ஒரு வாஷர் போடுங்க

கன்னியம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயது, ஒரகடம் பக்கத்துக் கிராமம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. ஒரு வருஷமாக மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு; மாத்திரைக்கு அடங்கவில்லை. உதடெல்லாம் வெளுத்துப் போய் வந்தாள். எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு, வழக்கம்போல எழுந்து போனார்.

கூட வந்த புருஷன் ஏழுமலைக்கு, கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ரிப்பேர் வேலை. நான் ஒரு காகிதத்தில் படம் போட்டேன். வயிற்றைக் கீறி எடுக்கலாம். கீழ்வழியாகத் தழும்பே தெரியாமல் எடுக்கலாம். சின்னத் துளை போட்டு கேமரா விட்டு எடுப்பதும் உண்டு, அதற்கு மெட்ராஸ் போக வேண்டும் என்றேன். இரண்டு சினைப்பையும் நன்றாக இருப்பதால் அவற்றைத் தொடப்போவதில்லை, அவற்றையும் எடுத்தால் இந்த வயதிலேயே மேலெல்லாம் திகுதிகுவென்று எரியும் என்றும் சொன்னேன். ஏழுமலை படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்: "கழட்டின எடம் காலியா இருந்தா மத்ததெல்லாம் ஆடாதா சிஸ்டர்? ஒரு வாஷராவது போடுங்க."

கோடு வேண்டும்

குடல் தானாக வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். கட்டி சின்னது, கர்ப்பப்பை பெரிதாக வீங்கவில்லை. கீழ்வழியே போதும் என்பது டாக்டரம்மாவின் முடிவு. வலி கம்மி, மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம், வயிற்றில் ஒரு கீறல் கிடையாது. வேறு யாராக இருந்தாலும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். கன்னியம்மா மட்டும் தலையை ஆட்டி ஆட்டி, "எனக்கு வயித்தக் கீறித்தான் எடுக்கணும். பெருசா கீறணும்" என்று அடம்பிடித்தாள்.

"பைத்தியமா உனக்கு? வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையுறியே!" என்று எகிறினேன். அவள் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன்னால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்குப் போனாளாம். அவள் மாமியார் தேசம்மா வயிற்றைப் பார்த்திருக்கிறார். விரல் அகலத்துக்கு ஒரு தையல். "இத்தினூண்டா?" என்று கேட்டுவிட்டு, நாலாம் நாளே குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டாராம். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு எட்டு நடை, தினமும். இந்தத் தடவை ஆறு வாரத்துக்குள் கனம் தூக்கினால் உள்தையல் விட்டுப்போகும் என்று நானே சொல்லியிருந்தேன். எந்த ஆபரேஷன் நல்லது என்று அவள் கணக்குப் போடவே இல்லை, எந்த ஆபரேஷனை மாமியார் நம்புவார் என்பதுதான் அவள் கணக்கு. உன் மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கீழ்வழிக்கே சம்மதிக்க வைத்தேன். கையெழுத்துப் போடும்போதும் முனகினாள்: "கண்ணுக்குத் தெரியாத ஆபரேஷனுக்கு எங்க வூட்ல லீவு கெடையாது சிஸ்டர்."

டிஸ்சார்ஜ் வகுப்பு

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே நடக்க வைத்தோம். மூன்றாம் நாள் புருஷன், மாமியார் இருவரையும் நிற்க வைத்து வகுப்பு எடுத்தேன். குடம், அரிசி மூட்டை, மாவு அண்டா எதுவும் தூக்கக்கூடாது. முக்கக்கூடாது; பழம், கீரை, தண்ணீர் நிறைய வேண்டும். சும்மா படுத்தே கிடக்கவும் கூடாது, மெல்ல நடக்கணும். லேசாகக் கறை பட்டால் பயப்படாதீர்கள். காய்ச்சல், நாற்றம், அதிக ரத்தம், கால் வீக்கம் என்றால் உடனே ஓடிவாருங்கள் என்றேன்.

தேசம்மா என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. மருமகளின் சேலையை விலக்கி வயிற்றை வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், தடவியும் பார்த்தார். "இன்னாடி இது, ஒரு கீறலக் காணோம்? மயக்க ஊசி போட்டு தூங்க வச்சி அனுப்புறாங்களா?" என்றார். கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வை குத்தியது மாதிரி எந்த ஊசியும் குத்தியிருக்காது.

ஏழுமலையோ எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். புருஷன் பெஞ்சாதி சேரக்கூடாது, அதுவும் ஆறு வாரம் என்றேன். பேனா நின்றது. சுவர்க் காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தியாகி மாதிரி நிமிர்ந்து சொன்னார்: "சூப்பர்வைசராண்ட சொல்லி ஆறு வாரமும் நைட் ஷிப்ட் வாங்கிக்கிறேன் சிஸ்டர்."

மெஷினும் மனுசியும்

ஒன்பதாம் நாள் காலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் கன்னியம்மா. சேலையெல்லாம் ரத்தம். மாமியார் சொல்லி இரண்டு நாளாக நிறை குடம் தூக்கியிருக்கிறாள். டாக்டரம்மா பரிசோதித்தார். நான் அந்தப் பத்து நிமிஷமும் ஊரில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். வாக்குக் கொடுத்தவள் நான் அல்லவா? நல்லவேளை, தையல் முழுசாக விடவில்லை. "இன்னொரு தடவ தூக்கினா மறுபடி தியேட்டருக்குத்தான் போகணும்" என்றார் டாக்டரம்மா. அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அன்றைக்குத்தான்.

ஷிப்ட் முடிந்த கையோடு ஓடிவந்த ஏழுமலையைப் பிடித்துக்கொண்டேன். "கூறு கெட்ட மனுசா! உன் கம்பெனியில பாதி ரிப்பேர்ல கெடக்கிற மெஷினுக்கு எவனாவது சுவிட்ச் போடுவானா?" அந்த ஆளுக்கு முகமே வெளிறிவிட்டது. பெண்டாட்டி ரத்தத்தைப் பார்த்துக்கூட அவ்வளவு வெளிறவில்லை. "ஐயோ, எவனும் தொட மாட்டான் சிஸ்டர்! செகப்பு அட்ட தொங்கும். மாட்டினவன்தான் கழட்டணும். வேற எவன் கை வச்சாலும் அன்னிக்கே வேல காலி."

சொல்லிவிட்டு, பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பிறகு கேட்டார்: "சிஸ்டர், ஆறு வாரம்னா என்னா தேதி வரும்?"

வம்பு எதுக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலில் மூன்று குடம். மூன்றிலும் சிவப்பு அட்டை. கிரைண்டரில் ஒன்று. அரிசி மூட்டையில் ஒன்று. கட்டிலில் சாய்ந்திருந்த கன்னியம்மாவின் தலைமாட்டில், ஆணியில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று: "தொடாதே. மராமத்து நடக்கிறது. மாட்டியவர்: ஏழுமலை." கழற்றும் தேதியும் போட்டிருந்தது. கன்னியம்மா சாத்துக்குடி தின்றுகொண்டிருந்தாள். சிரித்தால் அடியில் இழுக்கிறது என்று சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் கம்பெனி வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் சிவப்பு அட்டை என்றால் என்னவென்று தெரியும். ஏழுமலை டூட்டி முடிந்து வந்து, யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல், தன் குடத்து அட்டையைத் தானே கழற்றி, தண்ணீர் பிடித்து, ஊற்றிவிட்டு மறுபடி மாட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. பெரிய ஆபரேஷன்தான் போல என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். "நீங்க குடத்தத் தொடலியா ஆயா?" என்று தேசம்மாவைச் சீண்டினேன். அவர் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்: "அத்தத் தொட்டா எம்புள்ள வேல பூடுமாமே. எனக்கு எதுக்கும்மா வம்பு?"

தேதி

ஆறு வாரம் முடிந்த அன்று வந்தார்கள். உள்தையல் ஆறிவிட்டது, இனி வழக்கம்போல இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஏழுமலை பையிலிருந்து அந்தப் பெரிய அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்து, ரிப்பேர் முடிந்ததென்று கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டு, அட்டையை ஞாபகத்துக்கு நானே வைத்துக்கொண்டேன். கன்னியம்மாவின் உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எல்லாரும் வெளியே போன பிறகு தேசம்மா மட்டும் திரும்பி வந்து கதவைச் சாத்தினார். ஏழுமலையைப் பெற்றதிலிருந்தே அவருக்குக் கர்ப்பப்பை அடி இறங்கியிருக்கிறது. பெற்ற நாலாம் நாளே அவர் மாமியார் கிணற்றில் தண்ணீர் சேந்த அனுப்பிவிட்டாராம். உட்கார்ந்தால் வெளியே வருமாம், கையால் தள்ளிவிட்டுக்கொண்டு நாத்து நட்டாராம். யாரிடமும் சொன்னதில்லை. அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கீழ்வழி ஆபரேஷன்தான் உங்களுக்கும் சரி, டாக்டரம்மாவிடம் காட்டலாம், ஆறு வாரம் ரெஸ்ட் என்று ஆரம்பித்தேன். மேஜைமேல் கிடந்த அட்டையை விரலால் தடவிக்கொண்டே தேசம்மா என்னை நிறுத்தினார்: "எந்த வழியா வேணா எடுங்க சிஸ்டரம்மா. எனக்கும் இதுல ஒண்ணு எழுதிக் குடு. கழட்டுற தேதி மட்டும் போடாத."

அன்றிலிருந்து எங்கள் நர்சிங் ஹோமில் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு சிவப்பு அட்டையும் கொடுத்தோம். எனக்கு ஒன்று மாட்டிவிட மட்டும் இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை.